கேள்வி பதில்: மேலாளைக் கொன்றது குண்டா, பையனா?

போன இதழில் ஒரு வாசகர், "பழைய கொலை ஒன்றை வைத்து மனோதத்துவ மர்மக்கதை எழுத ஆசை, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டிருந்தார். "கொலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரே கதையைச் சொல்லட்டும், ஆனால் அவர் சொல்வதை முழுசாக நம்ப முடியாதபடி செய்யுங்கள்" என்று மூன்று வரியில் பதில் போட்டேன். விளைவு, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். ஜாதகம், சமையல், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

தட்டோன் வாசகி: என் நாவலில் கதை சொல்பவர் அறுபது வயதுப் பெரியவர். 1941-ல் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைக் கூடத்தில்) பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) இருந்தவர். அவருடைய மேலாள், அதாவது கடையை நடத்திய ஏஜெண்டு, ஜப்பான்காரன் குண்டுவீச்சில் செத்துப்போனதாகக் குடும்பமே நம்புகிறது. உண்மையில் முந்தின ராத்திரி அவரைக் கொன்றது அந்தப் பையன்தான். 1987-ல் பேத்தியிடம் கதை சொல்லும்போதும் கடைசி அத்தியாயம் வரை இதை மறைக்கிறார். படிக்கிறவர்கள் ஏமாற்றிவிட்டாய் என்று திட்ட மாட்டார்களா?

நீங்கள் பொய் சொன்னால் திட்டுவார்கள் சகோதரி, அவர் பொய் சொன்னால் திட்ட மாட்டார்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி நாவல் முடிந்த மாதிரி. பெரியவர் பேத்தியிடம் என்ன கதை வேண்டுமானாலும் கட்டட்டும், ஆனால் முடிவைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகிற வாசகருக்கு உண்மை அங்கேயே கண்ணெதிரே கிடந்தது தெரிய வேண்டும், நாமே தாண்டிப் போயிருக்கிறோமே என்று அவர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் பெரியவரைப் பொய்யே சொல்ல விடாதீர்கள். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விடுங்கள். "செவ்வாய்க்கிழமை காலையில் குண்டு விழுந்தது. மேலாளைப் பின்கட்டில் இருந்து நாலு பேர் தூக்கி வந்தோம்." அவ்வளவுதான். இரண்டு வாக்கியமும் சத்தியம், நடுவில் ஒரு "அதனால்" இருப்பதாக வாசகர் தானே நினைத்துக்கொள்வார், பேத்தியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்ந்திருப்பாள். பிற்பாடு யாராவது கேட்டால் பெரியவர், "குண்டுதான் கொன்றது என்று நான் எப்போதம்மா சொன்னேன்?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கே படிக்கிறவருக்கு முதுகு சில்லிடும்.

நீங்கள் பிடித்திருக்கும் நாள் அருமையான நாள். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் முதல் குண்டுவீச்சு. ஆகாயத்தில் விமானங்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்க ஜனங்கள் பதுங்காமல் தெருவுக்கு வந்து நின்றதால்தான் சாவு அவ்வளவு ஆனது, ஆயிரத்துக்கும் மேல். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்து போட்டார்கள். துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் உயிர் தப்பினால் போதும் என்று ஊரைவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், பிணம் எடுக்கவே ஆளில்லாதபோது ஒரு கிட்டங்கிக்குள் கிடந்த உடலுக்கு யார் பிரேதப் பரிசோதனை கேட்கப் போகிறார்கள்? கொலைகாரனுக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது.

சரி, தடயம் எங்கே வைப்பது? உடலிலேயே வையுங்கள். மனிதன் செத்த உடனே விறைப்பதில்லை, நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாடை, கழுத்து என்று ஆரம்பிக்கும், உடம்பு முழுக்க இறுகுவதற்கு இன்னும் பல மணி நேரம் ஆகும். குண்டு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் தூக்கிய உடலைப் பற்றிப் பெரியவர் போகிற போக்கில், "வாசற்படி குறுகல், கையை மடக்கிப் பார்த்தோம், மடங்கவில்லை, பக்கவாட்டில் சாய்த்துத்தான் வெளியே கொண்டுவந்தோம்" என்று சொல்லட்டும். படிக்கிறவர் அதைச் சோகமான ஒரு விவரம் என்று நினைத்துத் தாண்டிப் போவார். நாவலின் பின்பகுதியில் பேத்தியின் சிநேகிதி ஒருத்தி, மருத்துவம் படிக்கிறவள், இதே வரியைக் கேட்டுவிட்டு டீக்கடையில் கோப்பையைக் கீழே வைப்பாள். சாகிற நொடியிலேயே விறைப்பதும் அபூர்வமாக உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஒரு கை, ஒரு பிடி என்ற அளவோடு நிற்கும். பெரியவருக்காக வாதாட நினைக்கும் பாத்திரம் இருந்தால் அதை அவர் வாயில் கொடுங்கள்.

ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும். கிட்டங்கி என்பது தனி வீடு இல்லை. ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்காரர்களின், அதாவது தனித்தனிக் கடைக்காரர்களின், பெட்டகமும் கணக்கு மேசையும் வரிசையாக இருக்கும், பகலில் உட்கார்ந்து கணக்கு எழுதும் இடத்திலேயே ராத்திரி பாய் விரித்துப் படுப்பார்கள், மேலாள், அடுத்தாள், பெட்டியடி எல்லாரும். அங்கே ஒருவன் இருமினால் பத்துப் பேருக்குக் கேட்கும். அப்படியானால் உங்கள் கொலையைக் குறைந்தது ஒருவராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது கேட்டிருக்க வேண்டும், கேட்டும் சும்மா இருந்திருக்க வேண்டும். யார் அது? ஏன் வாயை மூடிக்கொண்டார்? எனக்கு அடுத்தாள் மேல்தான் சந்தேகம், மேலாள் போனால் அந்த இடம் அவருக்குத்தான் வரும். உங்கள் கதையின் இரண்டாவது நம்பகமற்ற ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். ஓட்டையை அடைக்கப் போய் நாவலே பெரிசாகிவிட்டது பாருங்கள்.

ரங்கூன், பசுண்டவுங் வாசகர்: செட்டியார் கிட்டங்கியில் கொலை என்றாலே பணத்துக்காகத்தான் இருக்கும், வேறு காரணமே கிடையாதா?

பணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எப்படி அய்யா? 1930-ல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் போய், 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியதைவிட கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்ததே அதிகம், ஆனால் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப் போகிறது? அந்தக் குடும்பத்தில் ஒரு பெண், அவளோடு பழகிய பெட்டியடிப் பையன், அடமானப் பத்திரத்தைப் பூட்டி வைத்திருக்கும் மேலாள். இப்போது காரணம் கிடைத்துவிட்டதா? பையன் பணத்துக்காகத்தான் செய்தான் என்று எல்லாரும் நினைக்கும்படி விட்டு, பெட்டகத்தில் இருந்து காணாமல் போனது பணம் இல்லை, ஒரே ஒரு காகிதம் என்று பிற்பாடு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

பெகு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: செய்யாத கொலையைத் தானே செய்ததாக ஒரு மனிதன் மனப்பூர்வமாக நம்ப முடியுமா? கதைக்காகக் கேட்கிறேன், ஆனால் உண்மையாகவே நடக்குமா என்று தெரிய வேண்டும்.

நடக்கும், நடந்திருக்கிறது. 1974-ல் ஐஸ்லாந்தில் இரண்டு ஆண்கள் வெவ்வேறு மாதத்தில் காணாமல் போனார்கள். உடல் இல்லை, ஆயுதம் இல்லை, பார்த்த சாட்சி இல்லை. ஆறு இளைஞர்களைப் பிடித்தார்கள், மாதக்கணக்கில் தனிச்சிறை, ஒருவருக்கு அறுநூறு நாளுக்கும் மேல். திரும்பத் திரும்ப விசாரணை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், அவர்களில் சிலர் பயந்துபோய் ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், ஒருவேளை நான் செய்திருப்பேனோ, மறந்துவிட்டேனோ என்று தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த கிஸ்லி குட்ஜான்சன் என்ற உளவியலாளர் இந்த நிலைக்கு நினைவு அவநம்பிக்கை என்று பெயர் வைத்து விளக்கினார். 2018-ல்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்து பேர் மேல் இருந்த தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இல்லை.

இதில் கதாசிரியருக்கு வேண்டிய விஷயம், ஞாபகம் எப்படிக் கெடுகிறது என்பதுதான். 1974-லேயே அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் ஒரு சோதனை செய்தார். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டால், "நொறுங்கிய" கூட்டத்தில் ஐம்பது பேரில் பதினாறு பேர் பார்த்தோம் என்றார்கள், "இடித்த" கூட்டத்தில் ஏழு பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. பொற்கொல்லன் பேச்சை நம்பிக் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கதையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம், அவனுக்காவது பொய் சொன்னவன் எதிரே நின்றான். இங்கே கேள்வி கேட்டவரே தெரியாமல் பொய்யை உள்ளே வைத்துவிட்டுப் போகிறார்.

2015-ல் கனடாவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. சிறு வயதில் போலீஸ் வரைக்கும் போன குற்றம் ஒன்றைச் செய்ததாக, செய்யாத மாணவர்களையே நம்ப வைக்க முடிந்தது, அதுவும் 70 சதவீதம் பேரை என்று. உலகமே பரபரப்பானது. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அதே பேட்டிகளைக் கறாரான அளவுகோலோடு பார்த்து, உண்மையான பொய் நினைவு என்று சொல்லத்தக்கது 30 சதவீதத்துக்குள்தான், மற்றவர்கள் "சொன்னால் இருக்கலாம்" என்ற அளவில்தான் தலையாட்டியிருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு இந்தத் திருத்தம்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கதைக்கு உதவுவது இதுதான். ஒருவர் ஒரே ராத்திரியில் தான் கொலைகாரன் என்று நம்பிவிடுவதில்லை. முதலில் "இருக்கலாம்" என்கிறார், அப்புறம் அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறார், யோசித்தது படமாகிறது, படம் ஞாபகமாகிறது. உங்கள் கதையில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள் ஆசிரியர் அய்யா, முதல் அத்தியாயத்தில் "இருட்டாக இருந்தது" என்று சொன்னவர் ஐந்தாவது அத்தியாயத்தில் விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல ஆரம்பிக்கட்டும். நாள் ஆக ஆக விவரம் கூடினால் வாசகர் சந்தேகப்பட வேண்டும், ஆனால் நம்மில் பெரும்பாலோர் விவரம் கூடக்கூட அதிகமாக நம்புகிறோம். அந்தப் பலவீனத்தில்தான் உங்கள் நாவல் நிற்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. 1986 ஜனவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டால், பதினோரு பேர் சொன்னதில் ஒரு விவரம்கூடப் பழையதோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் அவர்களில் பலர் தாங்கள் சொல்வது சரி என்று உறுதியாக இருந்தார்கள். அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. இரண்டரை வருஷத்துக்கே இந்தக் கதி. நம் வீடுகளில் 1941 டிசம்பரைப் பற்றி நாற்பது ஐம்பது வருஷம் கழித்துச் சொல்லப்பட்ட கதைகளை நாம் சாமி சொன்ன மாதிரி கேட்டு வளர்ந்தோம்.

மோல்மேன், முன்னாள் வக்கீல் குமாஸ்தா மகன்: நாற்பது ஐம்பது வருஷம் கழித்துக் கொலையை ஒப்புக்கொண்டால் இங்கே வழக்குப் போட முடியுமா? கதையில் போலீஸைக் கொண்டுவரலாமா?

உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். பர்மாவில் நம்முடைய தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம் இரண்டுமே பிரிட்டிஷ் இந்தியக் காலத்தவை. 1937-ல் பர்மா தனியாகப் பிரிந்த பிறகும் அவையே தொடர்ந்தன. கொலை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே, 302-ஆம் பிரிவு. கொலைக்குக் காலவரம்பு கிடையாது, ஆகவே 1941-ல் நடந்ததை 1987-ல் எடுத்தாலும் சட்டம் தடுக்காது. தட்டோன் சகோதரியின் நாவலில் வரும் பையனுக்கு அப்போது பதினாலு வயசு, சின்னப் பையன் என்று தப்பவும் முடியாது, அன்றைய சட்டப்படி ஏழு வயசுக்குக் கீழே இருந்தால்தான் குற்றமே இல்லை, பன்னிரண்டு வரைக்கும் புத்தி முதிர்ச்சியைப் பார்ப்பார்கள்.

ஆனால் நிரூபிப்பது எப்படி? இங்கேதான் சுவாரசியம். சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதையே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேத்தியிடம் சொன்னால், பேத்தி கூண்டில் ஏறி அதைச் சொல்லலாம், கோர்ட்டார் அதைத் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம். அப்படியானால் விவரம் தெரிந்த பெரியவர் யாரிடம் சொல்வது என்று யோசித்துத்தான் பேசுவார். போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தால் முழுக்க ஒப்புக்கொள்வார், பேத்தி கேட்டால் மழுப்புவார். படிக்கிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும், சட்டம் படித்த ஒரு பாத்திரம் வந்து விளக்கும்போதுதான் கிழவரின் சாமர்த்தியம் புரியும்.

அதே சட்டத்தில் 118-ஆம் பிரிவும் இருக்கிறது. யாரெல்லாம் சாட்சி சொல்லலாம் என்று சொல்கிற இடம் அது. எல்லாரும் சொல்லலாம், ஆனால் கேள்வியைப் புரிந்துகொள்ள முடியாதபடி இளம் வயதோ, தள்ளாத முதுமையோ, நோயோ இருந்தால் கூடாது. முதுமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது! ஒரு கிழவர் பாதி நாவலில் ஞாபக மறதிக்காரராக நடித்து, மீதி நாவலில் நிஜமாகவே மறக்க ஆரம்பித்தால், எது நடிப்பு எது நிஜம் என்று வாசகருக்கும் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது, கடைசியில் அவருக்கே தெரியாது. இதை யாராவது எழுதுங்களேன், நான் வரிசையில் நின்று வாங்கிப் படிக்கிறேன்.

போலீஸைக் கொண்டுவருவது பற்றி: கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். ஊரே காலியான சமயத்தில் பதிவேட்டை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். 1942 பிப்ரவரி கடைசியில், ஜப்பான்காரன் உள்ளே வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால், ரங்கூனில் சிறைக் கதவையும் மனநல மருத்துவமனைக் கதவையும் திறந்து உள்ளே இருந்தவர்களை வெளியே விட்டுவிட்டார்கள். மார்ச் 8-ல் நகரம் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அந்த இடைப்பட்ட நாட்களில் தெருவில் நடந்த ஒரு மனிதன் கைதியா, நோயாளியா, கிட்டங்கிப் பையனா என்று யாரால் சொல்ல முடியும்?

ரங்கூன், 51-ஆம் தெரு வாசகர்: கதைசொல்லியைக் குடிகாரராக்கிவிட்டால் வேலை சுலபம்தானே? போதையில் நடந்தது, கடைசியில் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

சுலபம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அளவுக்கு மீறிக் குடித்து முழுசாக நினைவு தப்பிய நேரத்தில் மூளை நடப்பதைப் பதிவு செய்வதே இல்லை. பதியாதது கடைசி அத்தியாயத்தில் எங்கே இருந்து வரும்? சினிமாவில்தான் தலையைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் வரும். வருஷக்கணக்கில் குடித்துச் சாப்பாட்டைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து கோர்சகாஃப் என்ற மூளைப் பாதிப்பு வருவது உண்டு, அவர்கள் விட்டுப்போன ஞாபகத்தின் இடத்தில் கதையை இட்டு நிரப்புவார்கள், ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல். நேற்று சாயங்காலம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், வருஷமாகப் படுக்கையில் இருப்பவர், காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்று நிதானமாகச் சொல்வார். அப்படிப்பட்ட ஒருவரை வைத்தால் எழுதுங்கள், மரியாதையோடு எழுதுங்கள், வெறும் போதை வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, இன்சேன்: பழைய ரங்கூன் தெருப் பெயர்களைப் போடுவதா, இப்போதுள்ள பெயர்களைப் போடுவதா?

பெரியவர் பழைய பெயரைத்தான் சொல்வார். மொகல் தெரு இன்றைக்கு ஷ்வே பொந்தா, டல்ஹௌசி தெரு மகா பந்துலா, பிரேசர் தெரு அனவ்ரட்டா, ஸ்பார்க்ஸ் தெரு போ அவுங் சோ. இதையே தடயமாகவும் வைக்கலாம். 1941-ல் எழுதியது என்று சொல்லிப் பெரியவர் காட்டும் நாட்குறிப்பில் மகா பந்துலாத் தெரு என்று இருந்தால் அது எப்போது எழுதியது என்று உங்களுக்கே தெரியும். ரூபாய் நோட்டும் அப்படித்தான், நம் நாட்டு நோட்டைப் போல் தேதி காட்டும் சாட்சி வேறு இல்லை. ஜப்பான்காரன் அச்சடித்த ரூபாய் அவன் போனதும் குப்பை. 1964 மே மாதம் 50, 100 சட் (நம் பர்மா நாணயம், கியாட்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985-ல் மறுபடி. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சட் நோட்டுகள் போய், அதே மாதம் 45-ம் 90-ம் வந்தன. தட்டோன் சகோதரி தன் கதைக்கு 1987-ஐத் தெரியாமல் எடுத்தாரோ தெரிந்து எடுத்தாரோ, பெரியவர் வாயைத் திறப்பதற்கு அதைவிட நல்ல வருஷம் இல்லை, ஏனென்றால் நாற்பது வருஷத்துக்கு மேலாக யாரோ ஒருவருடைய வாயை மூடுவதற்காகச் சேர்த்து வைத்துக் கொடுத்துவந்த பணம் அந்தச் செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் காகிதமாகிவிட்டது.

மோரேயில் இருந்து ஒரு வாசகர்: எங்கள் அப்பா 1964-க்குப் பிறகு ரங்கூனை விட்டு வந்தவர். அங்கே நடந்த ஒரு கொலையைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒருமுறை தான் பார்த்ததாக, ஒருமுறை தன் மாமா பார்த்ததாக, ஒருமுறை கேள்விப்பட்டதாக. இப்போது அவர் இல்லை. இதைக் கதையாக எழுதினால் அப்பாவைப் பொய்யர் ஆக்கிவிடுவேனோ என்று இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தம்பி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மூன்று விதமாகச் சொன்னார் என்பதை வைத்து மட்டும் அவர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1932-லேயே பிரடெரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர், ஆட்களிடம் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்ததைப் புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது, புரியாத இடங்கள் அவரவருக்குப் பழகிய மாதிரி மாறிக்கொண்டன. சொல்லும்போதெல்லாம் நாம் கதையைப் புதிதாகக் கட்டுகிறோம். யார் பார்த்தது என்பது அதில் சீக்கிரம் உதிர்ந்துபோகிற விஷயம், பார்த்ததும் கேட்டதும் கலந்துவிடும்.

அதோடு, யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அம்மா பக்கத்தில் இருந்தபோது "கேள்விப்பட்டேன்", ரங்கூன் கூட்டாளிகள் வந்திருந்தபோது "நான் பார்த்தேன்", உங்களிடம் தனியாகச் சொன்னபோது "மாமா பார்த்தார்", அப்படி இருந்ததா? கடையும் வீடும் போய், கையில் இருந்ததையும் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்த லட்சக்கணக்கான பேரில் உங்கள் அப்பாவும் ஒருவர். வந்த இடத்தில் அந்த ஊரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். உங்கள் நாவலின் உயிர் கொலையில் இல்லை, அந்த மூன்று வடிவத்துக்கும் இடையில் இருக்கிறது. மூன்றையும் எழுதுங்கள், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் மகன் தேடுவதை எழுதுங்கள், அப்பாவைப் பொய்யர் என்று எந்த வாசகரும் சொல்ல மாட்டார்.

ஒரு எச்சரிக்கை உண்டு. அது நிஜக் கொலையாக இருந்து, செத்தவருடைய குடும்பம் எங்கேயாவது, வியாசர்பாடியிலோ திருச்சியிலோ, இருந்தால்? தெருவை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், வருஷத்தை மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைப்பது போதாது, பர்மாத் தமிழர் உலகம் சின்னது, மூன்றாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாண்டலே வாசகர்: கடைசியில் கொலைகாரன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்க வேண்டுமா? பத்துப் பக்கம் ஒப்புதல் எழுதி வைத்திருக்கிறேன்.

பத்துப் பக்கமா! அத்தனை நாள் மழுப்பியவர் திடீரென்று உட்கார்ந்து ஒழுங்காக, வரிசையாக, தேதியோடு சொன்னால் அதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்? இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம் இதுதான். உண்மை வேறு வழியில் வரட்டும். தட்டோன் சகோதரியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடகுச்சீட்டு, கணக்குப் பேரேட்டில் இருபத்திரண்டாம் தேதி ராத்திரிக்குப் பிறகு மாறிப்போன கையெழுத்து, வேறு யாரோ ஒரு கிழவி சம்பந்தமே இல்லாமல் சொல்கிற ஒரு விவரம். அதைப் பேத்தி கொண்டுவந்து எதிரில் வைக்கும்போது பெரியவர் ஒரு வரி சொன்னால் போதும், அதுகூட இன்னொரு மழுப்பலாக இருக்கலாம். எழுதிய பத்துப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், தனியாக வையுங்கள், அதில் இருக்கிற ஒவ்வொரு விவரத்துக்கும் முன் அத்தியாயங்களில் ஒரு தடயம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாதவற்றுக்கு இடம் கண்டுபிடியுங்கள், எல்லாவற்றுக்கும் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பத்துப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.